சோபாவுக்குப் பதில் முத்திரை வரி

கட்சிக்காரர் தலையாட்டினால் நம்பாதீர்கள்.

காணி, வீட்டுப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று துஷா கேட்டபோது, மேலே உள்ள வரியை மட்டும் எழுதி அனுப்பினேன். என் பழைய அலுவலகத்தை இப்போது நடத்துகிறவள் அவள்தான். "மிஸ், இது காணாது. ஏன் நம்பக் கூடாதுன்னும் எழுதுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வேலை வாங்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். அவளும் அதில் வருகிறாள். சொல்லலாம் என்று அவளிடம் சம்மதமும் வாங்கிவிட்டேன்.

உறுதிப் பத்திரம் எழுதுவது எப்படி, எந்தப் பத்தியில் எல்லைகளைச் சொல்வது, காணிப் பதிவகத்தில் எந்த மேசைக்குப் போவது என்பதெல்லாம் இங்கே வராது. அதை நீங்களே படித்துத்தான் பட்டம் வாங்கினீர்கள். கண் முன்னால் ஒரு குடும்பம் சரிந்து உட்காரும்போது பேனாவை என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

செல்லமுத்து அண்ணன், நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பாக்கியம் அக்காவும் அங்கேயே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகள் ரேவதி பதுளை ஆஸ்பத்திரியில் தாதி. மகன் கணேசன் பசறையில் ஆட்டோ ஓட்டுகிறான். இவர்கள் இருந்த லயம் என்ற வரிசை வீடுகள், மலைச்சரிவுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசி நான்கைந்து வருடங்களாகப் பெரிய மழை பெய்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும். லயத்திலிருக்கும் எல்லோரும் பாய், பிள்ளை, அரிசி என்று அள்ளிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். மழை விட்டால் திரும்பி வருவார்கள். சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பாக்கியம் அக்கா முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாராம்.

ரேவதிக்கு வங்கிக் கடன் சரிவந்ததும், பதுளை நகரத்துக்கு வெளியே புதிதாக எழும்பியிருந்த தொடர்மாடி ஒன்றில் இரண்டாம் மாடி வீட்டைப் பார்த்தார்கள். வீடு ஓய்வு பெற்ற ஒரு எஞ்சினியருக்குச் சொந்தம். அவர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் நிரந்தரமாகப் போய்விடப்போகிறார். விலையில் பெரும்பகுதிக்கு வங்கிக் கடன். மிச்சத்துக்குத் தாய் தகப்பன் இருவருடைய ஈ.பி.எஃப். பணம், கொஞ்சம் நகை. முற்பணம் கொடுத்து உடன்படிக்கையும் எழுதியாகிவிட்டது. குறித்த நாளுக்குள் உறுதி முடியாவிட்டால் முற்பணம் திரும்பி வராது என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. அந்த முற்பணம் பாக்கியம் அக்காவின் ஈ.பி.எஃப். முழுவதும்.

உறுதி முடிக்கும் நாள், உடன்படிக்கையின் கடைசி நாளாகவே அமைந்தது. எஞ்சினியருக்கு மறுநாள் விமானம். செல்லமுத்து அண்ணன் குடும்பம் வாடகை வேனில், கல்யாணத்துக்கு வருவதுபோல உடுத்திக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. கோயில் குருக்கள் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பாக்கியம் அக்கா என் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்தார். மேசையில் இருந்த கோப்புகளைத் தூக்கி அலுமாரி மேலே வைத்துவிட்டு நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமான ஒரு காலை அது.

"முத்திரை வரி கட்டின பற்றுச்சீட்டைக் குடுங்க அண்ணே. அதைப் பார்த்துட்டுக் கையெழுத்துக்குப் போவோம்" என்றேன்.

செல்லமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு ரேவதியைப் பார்த்தார்.

"பற்றுச்சீட்டு எங்ககிட்ட ஏதும்மா? அது ஐயாகிட்டதானே இருக்கணும்?" என்று எஞ்சினியரைக் காட்டினார்.

உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்ளுங்கள். காணியோ வீடோ கைமாறும்போது முத்திரை வரியை வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும் என்பது நமக்குத் தாய்மொழி மாதிரி. விலைக்கு மேலே நூற்றுக்கு நான்கு என்று வாய்க்கணக்காகச் சொல்வோம். மாகாணக் கணக்குக்கு அதை வங்கியில் கட்டிய பற்றுச்சீட்டு என் கைக்கு வராமல் நான் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அந்த வீட்டுக்கு அது ரேவதியின் அரை வருடச் சம்பளத்தைத் தொடுகிற தொகை.

அப்போது என் உதவியாளராக இருந்த துஷா எழுந்துவிட்டாள். "மிஸ், நான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். முத்திரை வரி இவ்வளவு, பதிவுச் செலவு இவ்வளவு, நம்ம கட்டணம் இவ்வளவுன்னு எல்லாம் சொன்னேன். அண்ணன் தலையாட்டினாரு."

அவள் சொன்னது சத்தியம். பக்கத்து அறையில் இருந்து நானே கேட்டேன். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் சொன்னாள்.

"பாப்பா சொன்னிச்சுங்கம்மா" என்றார் செல்லமுத்து அண்ணன். "அது மேல தப்பில்ல. வரி எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். ஐயாவுக்குச் சேர வேண்டிய காசுல அதைப் பிடிச்சிக்கிட்டு மிச்சத்தத்தானே குடுப்பாங்கன்னு இருந்தேன்."

"யாரு பிடிக்கிறது அண்ணே?"

"ஆபீஸ்ல." அவர் என் அலுவலகத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார். "எங்களுக்கு எப்பவும் அப்படித்தானங்க. சம்பளம் போட்டா சந்தா, கோயில் காசு, மரண சங்கம், டோபி, சலூன், அட்வான்சு, எல்லாத்தையும் ஆபீஸ்லயே பிடிச்சிட்டுத்தான் மிச்சத்தக் கையில குடுப்பாங்க. காசு வாங்குறவன்கிட்டத்தானே பிடிப்பாங்க? இங்க காசு வாங்குறது ஐயா. அதான்..."

என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் புரியத் தொடங்கியது.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஏனென்றால் என் அம்மாவும் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எங்கள் வீட்டில் எவரும் எந்த வரியையும் எந்தச் சந்தாவையும் தன் கையால் எடுத்துக் கொடுத்ததை நான் பிள்ளையாக இருக்கும்போது பார்த்ததே இல்லை. எல்லாம் பிடித்தம். மேலே ஒரு பெரிய தொகை இருக்கும். அதற்குக் கீழே வருகிறதெல்லாம் அதிலிருந்து கழிவது. ஆயுள் முழுவதும் அப்படியே சம்பளம் வாங்கிய ஒரு மனிதரிடம் போய், விலை இவ்வளவு, வரி இவ்வளவு, கட்டணம் இவ்வளவு என்று வரிசையாகச் சொன்னால் அவர் எப்படிக் கணக்குப் போடுவார்? கழித்துத்தான் போடுவார். கூட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றே நாங்கள் நினைக்கவில்லை.

"வேற ஏதும் காசு மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன்.

"கையில ஒண்ணும் வச்சிக்கல. கொஞ்சம் இருந்திச்சு, அதைத் தம்பி ஆட்டோ லீசிங்குக்குப் போன வாரந்தான் கட்டினேன்" என்றார். கணேசன் தலை குனிந்துகொண்டான். ரேவதி கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனாள். அதைப் பார்த்தாலே தெரிந்தது, அதை வைத்து ஒரு மூலையைக்கூட மூட முடியாது. பாக்கியம் அக்கா மடியில் ஒரு பழைய ரெக்சின் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார்.

எஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் வழி சொன்னார்.

"உறுதியில விலையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ மேடம். வரியும் குறையும். மிச்சத்தைக் கையில தரட்டும். எல்லாரும் செய்யிறதுதானே."

இந்த "எல்லாரும் செய்யிறதுதானே" என்ற வாசகத்தை உங்கள் தொழில் வாழ்க்கையில் குறைந்தது வாரம் ஒரு முறை கேட்பீர்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் உச்சியில் ஏறும்.

"ஐயா, குறைச்சுப் போட்டா மாகாணத்துல மதிப்பைத் திரும்பப் பார்த்து நோட்டீஸ் அனுப்புவாங்க. அது வரும்போது நீங்க பேரப்பிள்ளையோட பூங்காவுல நடந்துக்கிட்டு இருப்பீங்க. பதில் சொல்ல வேண்டியது இந்தப் பிள்ளை. அதோட, பொய் விலைக்கு எழுதின உறுதியை வங்கி வச்சிக்கிட்டுக் கடன் குடுக்குமா? அதுவும் போகும். உங்க பெயருக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கும்."

"அப்ப நான் என்ன செய்யிறது? எனக்கு நாளைக்குப் பிளைட். இன்னொரு ஆளும் வீட்டைக் கேட்டுக்கொண்டிருக்குது."

"உங்களுக்குப் பதிலாக் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் எழுதி யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போங்க. ஒரு மாசம் தவணை போட்டா, அவங்க பின்னால முடிப்பாங்க."

"இந்த ஊரில நம்பிக் குடுக்க எனக்கு ஆர் இருக்கினம்? அதெல்லாம் சரிவராது. இண்டைக்கு முடிஞ்சா முடிஞ்சது."

செல்லமுத்து அண்ணன் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "என் புள்ளையோட அம்மா காசும் போச்சு" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மலை இடிந்து விழுந்தால்கூட யாரையாவது குறை சொல்லலாம். இங்கே தன் கையாலேயே கவிழ்த்துவிட்டதாக அவர் நினைத்தார்.

நான் தொழில் பழகியபோது என் மூத்தவர் ஒருவர் இருந்தார். கோபக்காரர், என்னை அவர் பாராட்டிய நாள் ஒன்றுகூட இல்லை. ஆனால் அறையில் குழப்பம் வந்தால் அவர் செய்வது எப்போதும் ஒன்றுதான். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகுவார். எல்லோருக்கும் தேத்தண்ணி சொல்லுவார். "அவசரம் அவங்களுக்கு, நமக்கில்ல. அவங்க பேசட்டும், நீ காதை மட்டும் திற" என்பார். இளமையில் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

நானும் பேனாவை மூடினேன். அலுவலகப் பையனை அனுப்பி எல்லோருக்கும் பிளேன்டீ சொன்னேன். நல்ல நேரம் முடியப்போகிறதே என்று ரேவதி பதறினாள். "நேரம் நம்மளைத் தேடி வரும், நீ உக்காரு" என்றேன். எனக்குள்ளேயும் பதற்றம்தான். வங்கிக் கவுன்டர் மூன்று மணிக்கு மூடிவிடும் என்பது என் தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.

தேத்தண்ணி வந்தது. குடிக்கும்போது எஞ்சினியர் வாயைத் திறந்தார். தன்னைக் கல்நெஞ்சக்காரர் என்று இவர்கள் நினைக்கிறார்களோ என்று அவருக்குச் சுட்டிருக்க வேண்டும்.

"நான் என்ன கொஞ்சமோ விட்டுக் குடுத்தனான்? வீட்டில இருக்கிற சாமான் முழுக்க இந்த விலைக்குள்ளதானே? பிறிஜ் போன வருசம் வாங்கினது. சோபா செட் கொழும்பில இருந்து லொறியில ஏத்தினது. கட்டில், அலுமாரி, வோஷிங் மெஷின், ரீவி. அதுகளை ஒருத்தரும் கணக்கில எடுக்கினம் இல்லை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

உடன்படிக்கையில் அது ஒற்றை வரியாக இருந்தது. வீடும், வீட்டிலுள்ள சாமான்களும் சேர்த்து இன்ன விலை. எல்லோரும், நான் உட்பட, அந்த வரியை ஒரு மரியாதை வாசகம் மாதிரித் தாண்டிப் போயிருந்தோம். முத்திரை வரி நிலத்துக்கும் சுவருக்கும். சோபாவுக்கு யாரும் முத்திரை வரி கட்டுவதில்லை. அதைவிட முக்கியமாக, சோபாவை விற்கலாம்.

"அண்ணே, உங்களுக்கு அந்தச் சாமான் வேணுமா?" என்று கேட்டேன்.

செல்லமுத்து அண்ணன் மனைவியைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று ரேவதி எனக்குப் பிறகு சொன்னாள். வீடு பார்க்கப் போன அன்று பாக்கியம் அக்கா அந்தச் சோபாவின் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாராம். எழும்போது கையால் தடவிப் பார்த்தாராம். வேனில் வீடு திரும்பும் வழியெல்லாம் வீட்டைப் பற்றிப் பேசாமல் சோபாவைப் பற்றியே பேசினாராம்.

"மழைக்கு எந்திரிச்சு ஓடாம ஒரு எடத்துல படுத்தாப் போதும்மா" என்றார் பாக்கியம் அக்கா. அன்று காலையிலிருந்து அவர் பேசியது அதுதான் முதல். "தரை இருக்குல்ல. அதுல படுத்துக்கிறோம்."

எஞ்சினியர் கையை விரித்தார். "எல்லாத்தையும் இப்ப எவன் வந்து தூக்குறது? நான் நாளைக்கு..."

"அதை என்கிட்ட விடுங்க ஐயா" என்று தொலைபேசியை எடுத்தேன்.

பதுளை பஸார் வீதியில் பழைய தளபாடக் கடை வைத்திருக்கும் மஹ்ரூஃப் நானாவை உங்களுக்குத் தெரியும். அவருடைய கடை உறுதியும் அவருடைய மூன்று மகள்மாரின் நன்கொடை உறுதிகளும் நான் எழுதியவை. விஷயத்தைச் சொன்னேன். அரை மணித்தியாலத்துக்குள் சின்ன லொறியோடு தொடர்மாடி வாசலில் நின்றார். துஷாவையும் கணேசனையும் எஞ்சினியரோடு அனுப்பினேன். நான் அலுவலகத்திலேயே இருந்து வங்கியின் சட்டத்தரணியிடம் பேசினேன். விலை உண்மையாகவே குறைகிறது, சாமான் உண்மையாகவே வெளியே போகிறது, இதில் கடனுக்கு ஏதாவது இடைஞ்சல் உண்டா என்று கேட்டேன். வங்கியின் மதிப்பீட்டாளர் சுவரையும் தரையையும்தான் மதித்திருந்தார், கட்டிலை இல்லை. ஆகவே கடன் அப்படியே நிற்கும் என்றார் அந்தச் சட்டத்தரணி.

மஹ்ரூஃப் நானா பிறகு எனக்குப் போன் பண்ணினார். "மிஸ், சாமான் நல்லாத்தான் ஈக்கி. நான் யாவாரி, எனக்கும் ரெண்டு காசு வேணும். ஆனா மழைக்கு ஓடுற சனம்னு சொன்னீங்க. அதனால பேரம் பேசல்ல." அவர் சொன்ன தொகை முத்திரை வரிக்கு மிகக் கிட்ட வந்தது. முழுதாக வரவில்லை.

ஏற்பாடு இதுதான். மஹ்ரூஃப் நானா சாமானுக்குரிய பணத்தை எஞ்சினியர் கையில் கொடுத்தார். எஞ்சினியர் அதே தொகையை வீட்டு விலையில் குறைத்தார்; அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. செல்லமுத்து அண்ணன் கொண்டுவந்திருந்த பணத்தில் அந்த அளவு மிச்சமானது. அதுதான் முத்திரை வரி. காலையில் எஞ்சினியர் சொன்ன குறைத்துப் போடும் வழிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உங்களில் யாராவது கேட்டால் அவருக்கு ஒரு நல்ல பதவி காத்திருக்கிறது, ஏனென்றால் கேட்க வேண்டிய கேள்வி அது. இங்கே வாங்குகிறவர் கையிலிருந்து உறுதிக்கு வெளியே ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. எழுதிய விலைதான் கொடுத்த விலை.

காணாத மிச்சத்துக்கு ஒரு வழி செல்லமுத்து அண்ணனின் சட்டைப் பையிலேயே இருந்தது. நொத்தாரிசுக் கட்டணம் என்று மஞ்சள் பூசிய ஒரு உறையைத் தனியாகக் கொண்டுவந்திருந்தார். அதை மட்டும் கையில் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். குருக்களுக்குத் தட்சணை கொடுப்பதுபோல. அந்த உறையை வாங்கிப் பிரித்து வரிப் பணத்தோடு சேர்த்து ரேவதியிடம் கொடுத்தேன். "என்னோடதைப் பிறகு குடுங்க. மாசா மாசம் குடுத்தாலும் பரவாயில்ல." என் கட்டணத்தை நான் விட்டுக் கொடுக்கவில்லை, இதைப் படித்துவிட்டு இலவசமாக எழுதிக் கொடுக்கத் தொடங்காதீர்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்ததே அந்தக் கட்டணம்தான்.

கணேசன் ரேவதியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தான். வேனில் வந்த குடும்பத்துக்கு ஆட்டோ எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், யாரோ நண்பனுடையதாம். துஷா ஜன்னலருகே நின்று வீதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்து வீதியைப் பார்க்கத் தொடங்கினார். செல்லமுத்து அண்ணன் கண்ணை மூடியிருந்தார். நான் கோப்பு ஒன்றைத் திறந்து வைத்து ஒரு வரியும் படிக்கவில்லை.

"வந்துட்டாங்க!" என்று கத்தினாள் துஷா.

ரேவதி படியேறி வந்து பற்றுச்சீட்டை என் முன்னால் வைத்தாள். வங்கி முத்திரையின் மை இன்னும் காயவில்லை. பேனாவைத் திறந்தேன். எத்தனை உறுதி எழுதியிருக்கிறேன், ஒரு பற்றுச்சீட்டைப் பார்த்து அழுகை வந்தது அன்றுதான். நல்ல நேரம் எப்போதோ போய்விட்டிருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார். ரேவதி போட்டாள். சாட்சிகள் போட்டார்கள். எஞ்சினியர் எழுந்து செல்லமுத்து அண்ணனின் கையைப் பிடித்து, "சந்தோசமா இருங்கோ. பின்பக்க ஜன்னல் கொக்கி கொஞ்சம் இறுக்கம், மழை வர முன்னம் சாத்திப்போடுங்கோ" என்றார். போகும்போது பாக்கியம் அக்காவின் வாழைப்பழத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

அன்று மாலை துஷா என் மேசை முன்னால் வந்து நின்றாள். "நான் சரியாத்தான் சொன்னேன் மிஸ்" என்றாள். "சரியாத்தான் சொன்ன. இனிமே சொல்லிட்டு நிறுத்தாத. அவங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் ஒரு வேலை செய்யத் தொடங்கினாள். வீடு வாங்க வருகிறவர்களிடம், "காசை எப்படிக் கட்டப்போறீங்க, யார் கையில எதைக் குடுப்பீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்பாள். விலை, முத்திரை வரி, பதிவுச் செலவு, நம் கட்டணம், தொடர்மாடியென்றால் மாதாமாதம் பராமரிப்புக் காசு, நகரசபைக்கு வீட்டு வரியாகச் சோலைவரி. அவர்கள் தலையாட்டினால் விடமாட்டாள். வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லும்போது எங்கே கழிக்கிறார்கள், எங்கே கூட்டுகிறார்கள் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிடும். உங்களிடமும் அவள் இதைத்தான் எதிர்பார்க்கிறாள். அது அவள் கண்டுபிடித்தது. நான் கண்டுபிடித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செல்லமுத்து அண்ணன் என் கட்டணத்தை மாதா மாதம் கொண்டுவந்து கொடுத்தார். கடைசித் தவணையைக் கொடுத்த அன்று, "வீட்டுக்கு ஒரு நாள் வாங்கம்மா. பால் காய்ச்சினதுக்கும் வரல" என்று கட்டாயமாகக் கூப்பிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன்.

போகும்போதே வானம் கறுத்திருந்தது. நான் கதவைத் தட்டியபோது கொட்டத் தொடங்கிவிட்டது. கூடத்தில் உட்கார ஒரு கதிரைகூட இல்லை. சுவரோடு சுருட்டி நிமிர்த்திய பாய்கள் இருந்தன. எனக்காகப் பக்கத்து வீட்டில் இருந்து பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இரவல் வாங்கி வந்தான் கணேசன். மழை பலத்தது. கண்ணாடி ஜன்னல் முழுக்க வெள்ளையாகிப் பக்கத்து மலைகூடத் தெரியவில்லை. சமையலறையில் நின்ற பாக்கியம் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார். ஆணியில் தொங்கிய அந்த ரெக்சின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அம்மா, எங்க போறீங்க?" என்றாள் ரேவதி.

பாக்கியம் அக்கா நின்றார். கதவின் பிடியில் கை இருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே, கதவோரமாகத் தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. ரேவதியும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்: பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், ரேவதியின் பரீட்சைப் பெறுபேறுகள். ஓடும்போது எடுக்க வேண்டியவை.

செல்லமுத்து அண்ணனின் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வைத்தார். "லயத்துக்கு எச்சரிக்கை குடுத்துட்டாங்களாம். மச்சான் குடும்பமும் பக்கத்து வீட்டுக்காரங்களும் வெளியேறுறாங்க. பள்ளிக்கூடத்துல எடமில்லையாம்."

யாரும் யாரையும் கேட்கவில்லை. பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். சுவரோடு நின்ற பாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தின் இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரைக்கும் விரிக்கத் தொடங்கினார். கணேசன் ஆட்டோச் சாவியைத் தேடினான்.

"எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க" என்றார் கணவரிடம். கடைசிப் பாயை விரித்துவிட்டு, வெறுமையான அந்தக் கூடத்தை ஒரு முறை அளந்து பார்த்தார்.

"நல்லவேள, அந்தச் சோபா இல்ல."